மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை

2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆத்தூரில் எங்கள் தெருவில் குடியிருந்த பெண்ணொருத்தி இடுப்பில் நான்கு மாதக் குழந்தையும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வீட்டுக்கு வந்தாள். பையில் குடும்ப அட்டை நகல், வங்கிப் புத்தகம், தடுப்பூசி அட்டை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் கடைசித் தவணை அவளுக்கு வர வேண்டியிருந்தது. தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் டீச்சருக்கு ஆபீஸ் தமிழும் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அந்தத் தமிழை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எல்லாம் சரியாகவே இருந்தது. எழுந்து போகும்போது கேட்டாள்: "எக்கா, இதுல புள்ளையப் பாத்துக்கிடுத ஆச்சிக்குக் குடுக்க எதும் துட்டு வருமா?"

அவளுக்கு ஆறுமுகனேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுமுன் உப்பு வாரிவிட வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு நாளுக்கு முப்பது ரூபாயும் காப்பிக்குப் பாலும். மழை பெய்து அளத்தில் வேலை இல்லாத நாளில் ஆச்சிக்கும் காசு கிடையாது.

வராது என்றேன். "அப்ப இது எதுக்குள்ள துட்டு?" என்றாள். அந்தக் கேள்வியோடு நான் அலைய ஆரம்பித்தேன். பேறுகாலத்துக்கு உதவி உண்டு, பிள்ளைக்குச் சத்துணவு உண்டு, பள்ளிக்கூடத்தில் புத்தகமும் சீருடையும் உண்டு. பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் மணிநேரங்களுக்கு மட்டும் ஏன் எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் இல்லை?

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஆத்தூரிலிருந்து சற்றுத் தெற்கே போனால் திருச்செந்தூர். அந்த ஊர் முருகன்மீது பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழை எம்.ஏ. மாணவிகளுக்கு நடத்தியிருக்கிறேன். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். காப்பு மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்து, தால் ஏழு, சப்பாணி ஒன்பது என்று இரண்டிரண்டு மாதமாக ஏறிச் சிறுதேரில் இருபத்தொன்றாம் மாதத்தில் முடியும். தலை நிமிர்வது, தவழ்வது, கை கொட்டுவது, நடந்து வருவது என ஒவ்வொன்றையும் யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால்தான் இப்படி ஒரு இலக்கணம் எழுத முடியும். அந்த மாதங்களை அரசின் கணக்கோடு பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மகப்பேறு உதவியின் கடைசித் தவணை அப்போது, குழந்தைக்குப் பிறந்து மூன்றரை மாதத்தில் போடும் ஊசியோடு முடிந்தது. பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடியில் பிள்ளையை உட்காரவைக்க இரண்டு வயதாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பது பிள்ளைத்தமிழின் பத்துப் பருவமும்தான். புலவர்கள் தேர்ந்தெடுத்துப் பாடிய அதே காலத்தைத்தான் அரசு தாண்டிப் போயிருக்கிறது.

இது தற்செயல் இல்லை என்பதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஆறாறு வாரம் பெண் தொழிலாளருக்கு ஓய்வும் உதவித்தொகையும் வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்தது. அந்தப் பணம் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்றும் சொன்னது. முதலாளி தன் பையிலிருந்து தர வேண்டியதில்லை. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. 1924இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொண்டுவந்த மகப்பேறு மசோதாவும் தோற்றது. பிறகு பம்பாய் மாகாணத்தில் 1928இல் ஒரு மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலன் என்றார். அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதைத் தான் ஒப்புக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் அரசு ஏற்காத நிலையில், பெண்களை வேலைக்கு வைத்து லாபம் காணும் முதலாளி கொடுப்பதே நியாயம் என்பது அவர் வாதம். 1929இல் பம்பாயிலும் 1934இல் சென்னை மாகாணத்திலும் வந்த சட்டங்கள் முதலாளியையே கொடுக்கச் சொன்னவை.

அம்பேத்கர் ஒப்புக்கொண்ட அந்த முதல் பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைபெறுவதன் செலவு அரசுடையதா, முதலாளியுடையதா, அந்தப் பெண்ணுடையதா என்ற கேள்வி 1928இல் பொதுவில் கேட்கப்பட்டுவிட்டது. பதில்தான் பாதியில் நின்றது. முதலாளி கொடுக்க வேண்டுமென்றால் அங்கே ஆலை இருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தூத்துக்குடி கோரல் மில் போன்ற ஒரு ஆலையில் அந்தச் சட்டம் நுழையலாம். எங்கள் ஊர்க் கொடிக்காலில் நுழையாது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வெற்றிலையை ரகம் பிரித்து, நூறு நூறாகக் கவுளி கட்டுகிற பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மடியில் வெற்றிலை, பக்கத்தில் சாக்கு விரித்துக் குழந்தை. என் சிறுவயதில் நான் பார்த்த காட்சி அது.

குழந்தைக் காப்பகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தபோது, வேலைக்கு வரும் தாய்மார் கைக்குழந்தைக்கு அபினி கொடுத்துத் தூங்கவைக்கும் வழக்கம் அதன் முன் வந்தது. பெண்கள் கணிசமாக வேலைபார்க்கும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கேட்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. 1976இல் ஐம்பது முப்பதாகக் குறைந்தது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றோட்டமான அறை, பயிற்சிபெற்ற பெண், பால் கொடுக்கத் தாய்க்கு இடைவேளை என்று எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உப்பளம் தொழிற்சாலையா? கட்டடம் இல்லை, கூரை இல்லை. வானம், பாத்தி, கடல் தண்ணீர். இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பம்பாய் வடாலாவில் உப்பளம் நடத்திய அர்தேஷிர் பிவண்டிவாலா என்பவர், திறந்த வெளியைத் தொழிற்சாலை என்று சொல்ல முடியாது என்று வாதாடினார். திறந்த நிலமும் தொழிற்சாலை வளாகம்தான், கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான் என்று 1961இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூத்துக்குடி, நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் மாவட்டம். அப்படியென்றால் முப்பது பெண்களுக்கு மேல் வேலைபார்த்த ஒவ்வொரு பெரிய உப்பளத்திலும் ஒரு தொட்டில் அறை இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் படித்த வருடம் மாணவிகள் சிலரோடு ஓர் அளத்துக்குப் போனேன். அம்பாரத்தின் நிழலில் நின்ற கங்காணியிடம் எத்தனை பெண்கள் வேலைபார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அது ஆளுக்கு ஆள் கணக்கு வேற டீச்சர். என் செட்டுல பதினெட்டு. அந்தப் பாத்தி வேற குத்தகை, அது வேற ஆளு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. குத்தகை குத்தகையாகப் பிரித்துவிட்டால் எந்த அளத்திலும் முப்பது பெண்கள் ஒருசேர இருக்கமாட்டார்கள். பெண்களின் தலையை எண்ணித்தான் காப்பகம் என்ற விதியே ஒரு கோணல். பெண் தொழிலாளி என்றால் கூடுதல் செலவு என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். பிள்ளை தாய்க்கு மட்டுமே சொந்தம் என்று தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது ஊழியர் என்று பொதுவாக எண்ணியது, ஆண்களையும் சேர்த்து. ஆனால் காப்பகத்துக்கு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரும் உரிமையை அங்கேயும் பெண்ணுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள்.

ஆலைக்கு வெளியே இருந்த பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசு நேரடியாகப் பணம் கொடுக்க ஆரம்பித்தது 1987இல். முந்நூறு ரூபாய். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் அந்தத் திட்டத்துக்கு வைக்கப்பட்டது. 2006இல் தொகை ஆறாயிரம் ஆனது, 2011இல் பன்னிரண்டாயிரம், 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைத்துப் பதினெட்டாயிரம். அதில் நாலாயிரம் ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. இந்தியாவில் இதற்கு முன்மாதிரி குறைவு, அதைச் சொல்லத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் ஒவ்வொரு தாய்க்கும் குறைந்தது ஆறாயிரம் என்று எழுதியது. 2017இல் வந்த மத்தியத் திட்டம் அதை முதல் குழந்தைக்கு ஐயாயிரம் என்று சுருக்கியது.

திட்டத்தின் நோக்கங்களாகச் சொல்லப்பட்டவை: சத்தான உணவு, எடை குறைந்த குழந்தை பிறப்பதைத் தடுத்தல், பேறுகாலத்தில் தாய் இழக்கும் கூலியை ஈடுசெய்தல். மூன்றாவதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூலி இழப்பு என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் ஈடு கிடைக்கும் தகுதியைத் தீர்மானிப்பது அவள் இழந்த நாட்கள் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தாளா, அரசு மருத்துவமனையில் பெற்றாளா, ஊசி போட்டாளா, வயது பத்தொன்பது முடிந்ததா, இது இரண்டாவது பிரசவத்துக்கு மேலா என்பவை. உடம்பைச் சரியாகப் பராமரித்ததற்குக் கிடைக்கும் ஊக்கத்தொகைபோல ஆகிவிட்டது. மூன்றாவது பிள்ளை பெற்றவளுக்குக் கூலி இழப்பு இல்லையா என்று கேட்டால் பதில் இருக்காது.

பிள்ளையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் சாதனை முழுக்கச் சோற்றிலும் தராசிலும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. 1980இல் உலக வங்கிக் கடனில் வந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை குறைந்தவர்களுக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையைப் பால்வாடிக்குக் கூட்டிவந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் கிடந்த எத்தனையோ அக்காக்கள் அதனால் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் தெருவிலேயே என் வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். சத்துணவைப் பற்றிய பேச்சில் கற்றவர்கள் சோற்றைத்தான் சொல்வார்கள். அந்த அக்காக்களைக் கேட்டால் இடுப்பு காலியானதைச் சொல்வார்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கன்வாடி என்ன தருகிறது? சத்துமாவுப் பொட்டலம், எடை, ஊசி. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையோடு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கன்வாடி திறக்கும்போது அளத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

காப்பகத்துக்கென்றே ஒரு மத்தியத் திட்டம் 1975இலிருந்து ஏதோ ஒரு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006இல் ராஜீவ் காந்தி பெயரில் விரிந்தது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை, இருபத்தைந்து பிள்ளைகள், நாளுக்கு ஏழரை மணிநேரம். எல்லாவற்றிலும் எனக்கு மிக நெருக்கமான திட்டம் அதுதான், ஏனென்றால் அது மணிநேரத்தில் பேசியது. 2017இல் செலவை மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்த பிறகு மையங்கள் மளமளவென்று மூடப்பட்டன. இருபதாயிரத்துக்கு மேல் இருந்தவை சில வருடங்களில் ஏழாயிரத்துக்கும் கீழே போயின. 2022இல் 'பால்னா' என்று பெயர் மாற்றி, 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகமாகவும் ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். பால்னா என்றால் தொட்டில்.

இனி ஆச்சியிடம் வருகிறேன்.

சங்க அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகள்தான் தோழி. பெறுவதும் வளர்ப்பதும் இரண்டு வேறு வேலைகள் என்று தொல்காப்பியருக்கே தெரிந்திருக்கிறது. செவிலிக்கென்று தனியாகக் கூற்றும் வகுத்திருக்கிறார். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலைவழியில் தேடிக்கொண்டு நடப்பவள் செவிலிதான். ஆனால் அவள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தாள், தன் மகளையும் அடுத்தவள் மகளையும் ஒருசேர வளர்த்ததற்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்று நான் படித்த எந்தப் பாட்டும் சொல்லவில்லை. இப்போது நர்ஸுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். தொட்டில் ஆட்டுகிற ஆச்சிக்கு ஒரு பெயர்கூட மிச்சமில்லை.

நானும் இதில் யோக்கியம் இல்லை. என் மகள் ஏழு மாதமாக இருக்கும்போது ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். மகப்பேறு விடுப்பு கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் அந்த விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது, 2021இல் ஒரு வருடம் என்று வளர்ந்தது. அதே வகுப்பறையில் அதே பாடம் நடத்தும் தற்காலிகக்காரிக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம். என் அம்மை வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். நான் ஆய்வேட்டை முடித்தேன். நன்றியுரையில் நெறியாளருக்கு ஒரு பத்தி, நூலகங்களுக்கு ஒரு பத்தி. அம்மைக்கு ஒரு வரி, அதிலும் "அன்னையின் ஆசியால்" என்று எழுதியிருக்கிறேன். அவள் ஆசி வழங்கவில்லை, பீத்துணி துவைத்தாள்.

பிள்ளை பார்ப்பதைக் கூலி வேலை என்று இந்திய அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒதுக்க வேண்டும், அவருக்கும் மண் வெட்டுகிறவர்களுக்கான அதே கூலி என்றது. எவ்வளவு சின்ன வாக்கியம்! நிழலில் உட்கார்ந்து ஐந்து பிள்ளைகளைச் சமாளிப்பதும் குளம் வெட்டுவதும் ஒரே விலை என்று அது சொல்லிவிட்டது. அங்கன்வாடி ஊழியர்களுக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர்கள் பெறுவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவர்கள் அரசுப் பதவியில் இருப்பவர்கள் அல்லர் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடை அவர்களுக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. தாய்மை சேவை என்றால், அதைச் செய்கிற வேற்றுப் பெண்ணின் வேலையும் சேவை என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் ஒருத்தியின் முப்பது ரூபாய் இன்னொருத்தியிடம் போய், அங்கேயும் கூலி என்ற பெயரைப் பெறாமல் நிற்கிறது.

2023 செப்டம்பர் 15இல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது, வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இங்கிலாந்தில் எலினார் ராத்போன் பிள்ளை வளர்ப்புக்கான பணம் தாய் கையில்தான் போக வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் போராடினார். 1945இல் குடும்பப் படி மசோதா வந்தபோது அதில் தகப்பன் பெயர்தான் இருந்தது. அவர் சண்டைபோட்டு மாற்றினார். 1946 ஜனவரியில் இறந்துபோனார், முதல் பணம் பட்டுவாடா ஆனது அந்த ஆகஸ்டில். இங்கே ஆயிரம் ரூபாய் நேரே பெண்ணின் கணக்குக்கு வருகிறது. நாள் கணக்குப் போட்டால் முப்பத்து மூன்று ரூபாய். ஆச்சிக்குக் கொடுத்த காசு ஞாபகம் வராமல் இருக்குமா? ஆனால் இது குடும்பத்துக்கு ஒன்று. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று. நிலம், வருமானம், மின்சார யூனிட் என்று வீட்டை அளந்து தருகிறார்கள். வேலையை அளப்பதில்லை.

அந்த ஆச்சியும் பிறகு ஒருநாள் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார்கள், முதியோர் உதவித்தொகைக்கு. தொட்டிலில் அவர்கள் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இரண்டு பேர் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்கு வந்தவர் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். "நான் எங்கய்யா வேலைக்குப் போனேன்? புள்ளைங்களப் பாத்துக்கிட்டு வீட்டுல கெடந்தேன்" என்று சொன்னதாக ஆச்சியே என்னிடம் சொன்னார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'குழந்தை பராமரிப்பு, இருபத்தாறு ஆண்டுகள்' என்று எழுதினேன். ஆச்சி பதறிப்போனார்கள். "ஏட்டி, வேலை பாத்தேன்னு எழுதுனா பென்சன் தரமாட்டான். அழிச்சிரு" என்றார்கள். வெள்ளை மை வாங்கிவந்து அழித்தோம்.